மகளின் பெயரால் படித்தவள்

என் மகளுக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்ற ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. ஆசை எனக்குத்தான் இருந்தது. அந்த ஆசைக்காக அவளை முன்னால் நிறுத்தினேன். அவளை நிறுத்துவதற்காக ஒரு பொய் சொன்னேன். அது பொய் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

அவளிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்கிறேன். கோழைத்தனம்தான்... தெரிகிறது. ஆனாலும் கேளுங்கள்.

கேட்பதற்கு முன் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இதைச் சொல்லும்போது நான் அழப்போவதில்லை. நான் சொல்லப்போகும் காலம் என் வாழ்வின் மிக இன்பமான காலம். என் குற்றத்தின் கசப்பே அதில்தான் இருக்கிறது.

என் பெயர் மல்லிகா. ரங்கூனில் பசுந்தாங் பகுதியில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். அதே கட்டடத்தின் கீழே, தெருவை ஒட்டி, என் கணவர் சுந்தரத்தின் பட்டறை. மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் செப்புக்கம்பி சுற்றிக் கொடுப்பார். கரண்டு நினைத்தபோது போய் நினைத்தபோது வரும் ஊரில் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. எங்களுக்கு ஒரே பெண், பொன்னி.

பள்ளியில் நான் நன்றாகப் படித்தவள். அறிவியல் பாடம் என்றால் உயிர். பத்தாம் வகுப்பு முடிந்ததும் படிப்பு நின்றது. சில வருடங்களில் கல்யாணம் ஆயிற்று. அதைப் பற்றி எனக்கு யார்மீதும் கோபம் இல்லை. அப்படித்தான் எல்லோருக்கும் நடந்தது.

ஆனால் பொன்னி பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒன்றைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒருத்திக்கு நரம்பே அகப்படவில்லை. இரண்டு பேர் குத்திக் குத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக ஒரு நர்ஸ் வந்தார். அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, விரல் நுனியால் தடவினார். அவசரமே இல்லை. பிறகு ஊசி ஏறியது. அழுதுகொண்டிருந்தவள் அதைக் கவனிக்கவே இல்லை.

பிறந்த குழந்தை என் பக்கத்தில் கிடந்தது. நான் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன தாய் என்று நினைக்கிறீர்களா? நானும் பல முறை நினைத்திருக்கிறேன்.

பொன்னி வளர்ந்தாள். அவளுக்கும் கையில் ஒரு வித்தை இருந்தது. தெருவில் யாருக்குக் கல்யாணம், வளைகாப்பு என்றாலும் பெண்ணுக்குத் தலை அலங்காரம் செய்ய அவளைத்தான் கூப்பிடுவார்கள். தமிழ்ப் பெண், பர்மியப் பெண் என்ற வேறுபாடு கிடையாது. எந்தக் கூந்தலும் அவளுக்கு வசப்படும். பள்ளி முடித்து ஒரு வருடம் வீட்டில் இருந்தபோது, மார்க்கெட் பக்கம் அழகு நிலையம் வைத்திருந்த மா சூ என்பவர் வேலைக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டாள்.

"ம்மா, நீங்க போயி ஒரு வார்த்தை கேளுங்கம்மா. நான் கேட்டா சின்னப் பொண்ணுன்னு சிரிப்பாங்க" என்றாள். அன்று காலை இரண்டு முறை எனக்குத் தலை வாரிவிட்டாள். அவ்வளவு பரபரப்பு அவளுக்கு.

நான் போனேன். மா சூ ஒரு அம்மாவுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். பர்மிய மொழியில், நிமிராமலே, "பொன்னியா? அவ வேலையப் பாத்திருக்கேனே. திங்கக்கிழமை வரச் சொல்லுங்க" என்றார்.

அவ்வளவுதான். அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

ஆனால் அதற்கு முந்தைய வாரம் நான் இன்னோர் இடத்துக்குப் போயிருந்தேன். பேருந்தில் போனால் சற்றுத் தூரத்தில் ஒரு சமுதாயக் கல்லூரி இருக்கிறது. வசதியில்லாதவர்களும் படிக்கட்டும் என்று சிலர் சேர்ந்து நடத்துவது. அங்கே நர்ஸ் படிப்பு ஆரம்பிக்கிறார்கள் என்று தெரிந்ததும் யாரிடமும் சொல்லாமல் போய் விசாரித்தேன். நாற்பதுக்குள் இருந்தால் போதும், கல்யாணம் ஆனவர்களும் சேரலாம் என்றார்கள். எனக்கு நாற்பதாகச் சில வருடங்கள் இருந்தன.

வீட்டில் எப்படிக் கேட்பது? நான் நர்ஸ் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் சுந்தரம் சிரிப்பார் என்று நினைத்தேன். உறவுக்காரர்கள் எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பெண்ணைச் சேர்க்கிறேன் என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். பெண்ணுக்குத் துணையாகத் தாய் போகிறாள் என்றால் பாராட்டவும் செய்வார்கள்.

மூன்று மாடி ஏறுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். கதவைத் திறந்த பொன்னியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "வேற ஆளு எடுத்துட்டாங்களாம்டி."

"சரிம்மா" என்றாள்.

அழவில்லை, ஏன் என்று கேட்கவில்லை. சீப்பை எடுத்து அலமாரியில் வைத்தாள். தாய் சொன்னால் அது உண்மை என்று நம்புகிற பிள்ளை அவள்... அந்த நம்பிக்கையைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது கணவரிடம் பேச்சை எடுத்தேன்.

"பாப்பா நர்ஸா?" என்றார் அவர். "அடிபட்ட பூனையப் பாத்தாலே ஓடுறவளாச்சே."

"போகப் போகப் பழகிடுங்க."

"காலம் சரியில்ல மல்லி. வயசுப் பிள்ளைய தனியா பஸ்ஸுல அனுப்ப எனக்கு மனசு வரல."

"நான் கூடப் போறேன். வாசல்ல சும்மா உக்காந்திருக்கறதுக்கு, நானும் சேந்து படிச்சாத்தான் என்ன?"

அவர் சிரித்தார். "சரி, போயிட்டு வா."

நானும் சேர்ந்து படிக்கிறேன் என்பதை அப்போதுதான் தோன்றியது போலச் சொன்னேன். உண்மையில் அதை ஒரு வாரமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேர்முகத்தில் டாவ் மியா என்ற மூத்த ஆசிரியை இருந்தார். ஆசிரியையும் நர்ஸையும் பர்மியர்கள் ஒரே சொல்லால்தான் அழைப்பார்கள்: சயாமா. அவர் இரண்டுமாக இருந்தார். ஏன் இந்தப் படிப்பு என்று பொன்னியைக் கேட்டார். பொன்னி என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா சொன்னாங்க" என்றாள்.

என்னைக் கேட்டபோது நான் பேசினேன்... பேசிக்கொண்டே இருந்தேன். நரம்பைத் தேடிய அந்த விரல்களைப் பற்றிச் சொன்னேன். பள்ளியில் படித்த இதயத்தின் நான்கு அறைகளைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாத எல்லாவற்றையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் கொட்டினேன். டாவ் மியா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "உங்க பொண்ணை நீங்க கூட்டிட்டு வந்தீங்களா, உங்களை அவ கூட்டிட்டு வந்தாளா?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பொன்னியும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இருவருக்கும் இடம் கிடைத்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்ல? காலையில் வெள்ளை மேல்சட்டையும் சிவப்புக் கைலியும் உடுத்திக்கொண்டு படியிறங்கும்போது கால் தரையில் படவில்லை. வகுப்பில் எல்லோரும் என் மகள் வயதுப் பெண்கள். என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டார்கள். முதல் மாதத்துக்குப் பிறகு பாடம் புரியாவிட்டால் என்னிடமே வந்து கேட்டார்கள். எலும்புகளின் பெயர்களைச் சமைத்துக்கொண்டே ஒரு பாட்டாகப் பாடிப் பழகினேன். கீழே பட்டறையில் கம்பி சுற்றிக்கொண்டே சுந்தரமும் அதைப் பாடத் தொடங்கிவிட்டார். பாதத்து எலும்புகளை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் கட்டுப் போடும் முறையை அவர்மேல் பழகிப் பார்த்தேன். நெற்றியைச் சுற்றி, காதை மூடி, தாடைக்குக் கீழே கொண்டுவந்து, பாடத்தில் சொன்னபடியே அழகாக வந்தது. அதைப் பிரிப்பதற்குள் வாடிக்கைக்காரர் ஒருவர் கீழேயிருந்து கூப்பிட, இவர் கட்டோடு இறங்கிப் போனார். வந்தவர் பதறிப் போய்த் தெருவையே கூட்டிவிட்டார். "ஒண்ணுமில்ல, வீட்டுல நர்ஸுக்குப் படிக்கிறாங்க" என்று இவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். அன்று முழுவதும் கட்டை அவிழ்க்க விடவில்லை.

பாருங்கள், எவ்வளவு மகிழ்ச்சியாகச் சொல்கிறேன். இந்தப் படத்தில் பொன்னி எங்கே? அதே அறையின் ஓரத்தில் புத்தகத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைத் திரும்பிப் பார்க்க நேரம் இல்லை.

அவளுக்கு ரத்தத்தைக் கண்டால் ஆகவில்லை. சீழ் வாடை ஆகவில்லை. முதல் முறை ஒரு புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதைப் பார்க்க நின்றபோது மயங்கிச் சரிந்தாள். இரண்டாம் முறை சரியவில்லை. முகம் மட்டும் சாம்பல் நிறமாயிற்று. பழகிவிட்டாள் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரி வார்டில் எங்களுக்குப் பயிற்சி. மாவ்பியிலிருந்து வந்திருந்த ஒரு காய்கறி வியாபாரி அம்மாள், இடுப்பெலும்பு முறிந்து வாரக்கணக்கில் மல்லாந்து கிடந்தார். கூந்தல் சடை பிடித்துக் கயிறாகியிருந்தது. வெட்டிவிட வேண்டியதுதான் என்று பேசிக்கொண்டார்கள். பொன்னி ஒரு சீப்பும் கொஞ்சம் எண்ணெயும் வாங்கிக்கொண்டு தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். கூந்தல் முழுவதும் அவிழ்ந்து வந்தபின் தளர்வாகப் பின்னி, தோளுக்கு முன்னால் எடுத்துவிட்டாள். அந்த அம்மாள் கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தார். "நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், மகளே" என்றார்.

பொன்னி சிரித்தாள். அந்தப் படிப்பில் சேர்ந்தபின் அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

உடனே மூத்த நர்ஸ் வந்து திட்டினார். மருந்து வண்டியை நடுவழியில் விட்டுவிட்டு முடி பின்னிக்கொண்டிருக்கிறாயா என்று. திட்டியதும் நியாயம்தான். சிரிப்பு போய்விட்டது.

திரும்பும் பேருந்தில் என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "ம்மா, நான் நின்னுக்கட்டுமா? எனக்கு இது வரலம்மா."

அப்போதும் நேரம் இருந்தது. மா சூவின் கடை இன்னும் திறந்துதான் இருந்தது. ஒருநாள் மார்க்கெட்டில் மா சூ என்னை மடக்கி, பொன்னி ஏன் வரவேயில்லை என்று கேட்டிருந்தார். அவளுக்குப் படிப்பில் மனம் போய்விட்டது என்று அவரிடமும் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தேன். தன்னை வேண்டாம் என்ற கடை என்று பொன்னி அந்தப் பக்கமே போகாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டே வார்த்தையில் எல்லாவற்றையும் சரி செய்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் எங்களுக்கு நரம்பில் ஊசி ஏற்றக் கற்றுத்தரப் போகிறார்கள். அவள் நின்றுவிட்டால் நான் யாருக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு போவேன்?

"கொஞ்சம் பொறுத்துக்கடி கண்ணு. எல்லாம் பழகிடும்" என்றேன்.

முதல் பொய்யைக்கூட ஒரு கணத்துத் தடுமாற்றம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இதை எப்படிச் சொல்வேன்? அவள் தலை என் தோளில் இருந்தது. எல்லாம் தெரிந்துதான் சொன்னேன்.

முதலாண்டுத் தேர்வில் பொன்னி தேறவில்லை. நான் வகுப்பில் முதலாவதாக வந்தேன். பட்டியலில் என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, "ம்மா, நீங்கதான் மேல" என்று கத்தியவள் அவள்தான். தன் பெயரை அதற்குப் பிறகுதான் தேடினாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் எதிரே போய் நின்றாள். நான் அடுப்படியில் இருந்தேன். என் படிப்பும் இன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ப்பா, நான் இனிமே போகல. ஆனா அம்மாவ நிறுத்திடாதீங்க. அம்மா ரொம்ப நல்லாப் படிக்கிறாங்க. சயாமாவே சொன்னாங்க."

"அம்மாவ நிறுத்தறேன்னு யாரு சொன்னா?" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "மல்லி, உனக்கு இதுல இவ்வளவு ஆசைன்னா நீ எங்கிட்ட மொதல்லயே கேட்டிருக்கலாமே. வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

நான் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தேன்.

உண்மையிலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாரா? படித்து முதலாவதாக வந்த மனைவியிடம் அப்படிச் சொல்வது எளிது. ஒன்றும் ஆகாதவளாக நான் போய்க் கேட்டிருந்தால் சிரித்திருக்கலாம். சிரித்துவிட்டுச் சரி என்றும் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது. இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. நான் கேட்கவே இல்லை... அதுதான் உண்மை. கேட்கிற பயத்துக்கு ஈடாக என் பெண்ணின் திங்கட்கிழமையைக் கொடுத்தேன்.

மறுபடி மா சூவின் கடைக்குப் போனேன். நம்புங்கள், போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், அவர் தாய்லாந்துக்குப் போய்விட்டார், அங்கேயே கடை வைக்கப் போகிறாராம் என்றார். இந்தக் காலத்தில் யார் யாரோ கிளம்பிப் போகிறார்கள். அவரும் போய்விட்டார்.

நான் படிப்பை முடித்தேன். ஒரு சிறிய தனியார் கிளினிக்கில் வேலை கிடைத்தது. சேர்ந்த சில நாட்களில், பகல் வெயில் கொளுத்தும்போது, தொழிற்சாலைப் பெண் ஒருத்தியை இரண்டு தோழிகள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வாந்தியும் பேதியுமாக உடம்பில் தண்ணீரே இல்லை. கண் செருகியிருந்தது. டாக்டர் குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். நரம்பெல்லாம் உள்ளே ஒடுங்கிவிட்டது. அவள் கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ரப்பர் பட்டையைக் கட்டினேன். தடவினேன். தோலுக்கு அடியில், நூல் போல, மெத்தென்று ஒன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. ஊசி நுழைந்தது, அதன் கழுத்தில் ரத்தம் சிவப்பாக எட்டிப் பார்த்தது. முதல் குத்திலேயே.

சற்று நேரத்தில் அந்தப் பெண் கண்ணைத் திறந்து, "வலிக்கவே இல்ல, சயாமா" என்றாள்.

சயாமா! நான் கை கழுவும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தக் கணத்தில் எனக்குப் பொன்னி நினைவுக்கு வரவில்லை. பொய்யும் வரவில்லை. முழுக்க முழுக்க, ஒரு துளி குறையாமல், மகிழ்ச்சியாக இருந்தேன்.

இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? செய்ததற்கு வருந்துகிறேன் என்று சொல்லலாம். கிடைத்ததற்கு வருந்துகிறேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

பொன்னி இப்போது ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். காலையில் கம்பெனி வண்டி தெருமுனைக்கு வரும். சட்டைகளுக்குக் காலர் வைக்கிறாள். அவளைப் பார்த்துப் பரிதாபப்படாதீர்கள், அவள் வாடிப்போகவில்லை. நிறையத் தோழிகள். வேடிக்கையாகப் பேசுவாள். ஆனால் கல்யாண வீடுகளுக்குத் தலை அலங்காரம் செய்யப் போவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், "அதெல்லாம் அப்ப... சும்மா விளையாட்டுக்கு" என்கிறாள்.

போன மாதம் அவர்கள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் பிரஷர் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். பொன்னி மேற்பார்வையாளரிடம் பேசி என்னை வரவழைத்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். பெண்கள் வரிசையில் நின்றார்கள். பொன்னி என் தோளில் கை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி பர்மிய மொழியில் சொன்னாள்:

"இவங்க எங்க அம்மா. எனக்குத் துணைக்கு வந்து நர்ஸ் ஆயிட்டாங்க. எனக்கு மண்டையில ஏறல, அவங்களுக்கு ஏறிடுச்சு. நான் மட்டும் சேரலைன்னா இவங்க இன்னும் வீட்டுல வெங்காயம் நறுக்கிட்டு இருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. தான் தோற்றதில் அவளுக்கு எஞ்சிய ஒரே லாபம் நான்தான். உண்மையைச் சொல்லி அதையும் அவளிடமிருந்து பறிப்பதா? அல்லது இப்படி நினைப்பதே எனக்கு நானே தேடிக்கொண்ட சாக்கா? ஒவ்வொரு பெண்ணாகக் கையை நீட்ட நீட்ட, இதே கேள்வி உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவளே வந்து உட்கார்ந்தாள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டாள். பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். ஸ்டெதஸ்கோப்பின் வழியே அவள் ரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. தொம், தொம் என்று, இளமையாக, சந்தேகமே இல்லாமல்.

"பொன்னி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"உஷ்... பேசாதீங்கம்மா" என்றாள் சிரித்துக்கொண்டே. "பிரஷர் பாக்கறப்ப பேசக் கூடாதுன்னு இப்பத்தானே அவங்களுக்கெல்லாம் சொன்னீங்க."

பேசாமல் இருந்தேன். அவள் சொன்னதற்காக வாயை மூடிக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். மூடிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது எனக்கு இனித்தது.

"நல்லா இருக்கு" என்று பட்டையை அவிழ்த்தேன். அவள் எழுந்து, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, தன் தையல் இயந்திரத்தை நோக்கிப் போனாள். வாசலில் தாமதமாக வந்த ஒரு பெண் தயங்கி நின்றாள். வா என்று கூப்பிட்டு உட்காரவைத்து, அவள் கையை வாங்கிக்கொண்டேன்.